மாஸ்டோடானா, புளூஸ்கையா: வேண்டாத பதிலை யார் கண்ணிலிருந்து மறைப்பது?

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எந்தக் காயில் பொட்டாசியம் அதிகம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் அளந்து கொடுப்பது என்று மாஸ்டோடான் என்ற சமூக வலைத்தளத்தில் மூன்று வருடம் எழுதிவந்தேன். போன வருடம் அதே போன்ற இன்னொரு தளமான புளூஸ்கைக்கு மாறினேன். பதிவுகளுக்குக் கீழே வந்த பதில்கள்தான் காரணம்.

பிளாக், மியூட், குறிப்பிட்ட சொற்களை வடிகட்டுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மாஸ்டோடானின் பலம், தனித்தனி ஆட்கள் நடத்தும், ஒன்றோடொன்று இணைந்த அதன் சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அட்மின், தனி விதிகள். 2019-ல், தீவிர வலதுசாரிகள் அதிகம் புழங்கும் கேப் (Gab) தளம் மாஸ்டோடான் மென்பொருளுக்கு மாறியபோது, ஏராளமான சர்வர்கள் அதோடு தொடர்பையே துண்டித்துக்கொண்டன. ஒரு கூட்டமே கிளம்பி வந்து தொல்லை கொடுத்தால் இதைவிட நல்ல கருவி கிடையாது. எங்கள் அட்மினும் பொறுப்பானவர். வசைபாடிய ஒருவரைப் பற்றிக் காலையில் புகார் செய்தேன், மாலைக்குள் தடுத்துவிட்டார். 2024 அக்டோபரில் வந்த 4.3 பதிப்பில், நாம் பின்தொடராதவர்கள், கணக்கு தொடங்கி 30 நாள்கூட ஆகாதவர்கள் அனுப்பும் அறிவிப்புகளைத் தனியே ஒதுக்கி வைக்கும் வசதியும் சேர்ந்தது. நம் மன அமைதிக்கு இவ்வளவு போதும்.

ஆனால் என் கவலை என் மன அமைதி பற்றியது இல்லை. ஒருமுறை ஒருவர், "தினமும் இளநீர் கொடுங்கள், டயாலிசிஸே தேவைப்படாது" என்று பதில் போட்டார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். உடனே பிளாக் செய்தேன், என் திரையிலிருந்து அது போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, தன் அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண் தனிச்செய்தியில் கேட்டார்: "அக்கா, உங்க பதிவுக்குக் கீழே இளநீர்னு போட்டிருந்தாங்களே, அப்பாவுக்குக் கொடுக்கலாமா?"

இதை மென்பொருளின் பிழை என்று சொல்ல மாட்டேன், அமைப்பே அப்படி. மாஸ்டோடானில் ஒருவரின் பதில் அவருடைய சர்வரில் இருக்கும் அவருடைய பதிவு. அதன் நகல்கள் மற்ற சர்வர்களுக்கும் போகும். நான் பிளாக் செய்வது எனக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். எங்கள் அட்மின் எங்கள் சர்வரில் உள்ள நகலை நீக்கலாம், வேறு சர்வர்களில் இருப்பதைத் தொட முடியாது. யார் பதில் போடலாம் என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தவும் நான் இருந்தவரை அங்கே வழி இல்லை.

புளூஸ்கையில் பதிவிடும்போதே அதை முடிவு செய்துவிடலாம்: எல்லோரும், நான் பின்தொடர்பவர்கள் மட்டும், ஒரு பட்டியலில் உள்ளவர்கள் மட்டும், அல்லது யாருமே வேண்டாம். வந்துவிட்ட பதிலை எல்லோருக்கும் மறைக்கும் வசதி 2024 ஆகஸ்டில் வந்தது. ஒருவரை பிளாக் செய்தாலோ, அவர் பதில் என் பதிவின் கீழே மற்றவர்களுக்கும் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

குறைகளும் உண்டு. மறைத்த பதிலை, "மறைக்கப்பட்டவை" என்பதைத் தட்டிப் பார்த்துவிடலாம். யார் யாரை பிளாக் செய்திருக்கிறார்கள் என்பது பொதுவில் தெரியும். மாஸ்டோடானில் அப்படி இல்லை. புளூஸ்கையின் பெரும்பாலான கணக்குகள் இன்னமும் அதை நடத்தும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன, ஆகவே எல்லாம் ஒரே கையில் இல்லாத பரவலாக்கம் என்ற வகையில் மாஸ்டோடான்தான் உண்மையாக முன்னே நிற்கிறது. பதிவுகளுக்கும் கணக்குகளுக்கும் எச்சரிக்கைக் குறி போடும், தனிக் குழுக்கள் நடத்தும் புளூஸ்கை லேபிளர்களில் ஒன்றைத்தான் நான் பயன்படுத்தியிருக்கிறேன், அதை வைத்து அந்த முறையை எடைபோட முடியாது.

இன்னொன்றையும் யோசித்தேன். நானே தவறாக எழுதிவிட்டால், திருத்த வருபவரையும் இந்தக் கதவு தடுத்துவிடும். அதனால் உணவு பற்றிய பதிவுகளை முழுக்க மூடுவதில்லை. இரண்டு உணவு ஆலோசகர்கள், மூன்று டயாலிசிஸ் நர்ஸுகள், நீண்ட நாளாக வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சிலர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அவர்கள் பதில் போடலாம். போன மாதம்கூட, காயை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது பற்றி நான் எழுதியதை அதில் ஒரு நர்ஸ் திருத்தினார். அது எல்லோர் கண்ணிலும் படும்படி அப்படியே இருக்கிறது.