சூடான இன்ஜினைக் காட்டி விற்றுவிட்டார்: பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எனக்கு இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. கோபம் ஆறியதும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. அதற்குள் இன்னும் யாராவது ஏமாறக் கூடாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருடம் ஓடிய டர்போ பெட்ரோல் கார். ஒரே கை வண்டி, சர்வீஸ் எல்லாம் தேதி தவறாமல் செய்திருந்தார்கள், பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. விற்பவர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். நான் போய் இறங்கும்போதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. “வெயில்ல வர்றீங்க, உள்ளே உட்கார்ந்தா குளுகுளுன்னு இருக்கணும்ல சார், அதான் ஏசியைப் போட்டு வச்சேன்” என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை, புகை இல்லை, மிதித்தால் பாய்ந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவையும் கழற்றாமல் அப்படியே தருவதாகச் சொன்னார். அன்றைக்கே பேசி முடித்து மாலையில் எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு உள்ளிருந்து யாரோ தட்டுவது மாதிரி ‘டக் டக் டக்’. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் தட்டலும் வேகமானது. பின்னால் நீலமாகக் கொஞ்சம் புகை. நாலைந்து நிமிடம் ஓடியதும் இரண்டுமே காணாமல் போயின. அவருக்குப் போன் செய்தேன். “டர்போ வண்டி காலையில அப்படித்தான் சார் இருக்கும்” என்றார். நம்பினேன். அடுத்த 1,000 கிலோமீட்டருக்குள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் மேல் கோட்டில் இருந்த ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ராத்திரி இங்கேயே நிக்கட்டும். காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியைத் தொடக் கூடாது” என்றார். காலையில் அவரே ஸ்டார்ட் செய்துவிட்டு, ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையை சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. “பிஸ்டன் அடிக்குது தம்பி” என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, குழாய் மாதிரியான சின்னக் கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். ஆயிலைப் பிடித்து வைக்க அந்தச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வரிகள் போட்டிருப்பார்கள். கீறல் விழுந்த பக்கத்தில் அந்த வரிகள் தேய்ந்தே போயிருந்தன.

“குளிர்ந்த இன்ஜினை மிதிச்சு மிதிச்சு ஓட்டியிருக்காங்க” என்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. வாங்கிய அன்றே அதன் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தேன், எனக்கு அது வேண்டாம் என்று. அதனால் மெமரி கார்டில் இருந்த பழைய பதிவுகள் அழியாமல் இருந்தன. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலைப் பதிவுகள் எல்லாம் ஒரே மாதிரி: ஸ்டார்ட் ஆகும் சத்தம், அந்த டக் டக், கேட் திறக்கிறது, சாலைக்கு வந்த உடனே முழு மிதி. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கடைசிப் பதிவு நான் பார்க்கப் போன நாளுடையது. ஒன்பதரை மணிக்கு ஸ்டார்ட் ஆகிறது. டக் டக் தெளிவாகக் கேட்கிறது. “இதை முன்னாடியே சூடு பண்ணி வச்சிடணும்” என்று அவர் யாரிடமோ சொல்வதும் கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்குகிறது. பத்து மணிக்குத் தெருமுனையில் நான் நடந்து வருவது தெரிகிறது, கையில் தண்ணீர் பாட்டிலோடு. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

அந்தத் துண்டை அவருக்கு அனுப்பினேன். “பார்த்து, ஓட்டித்தானே வாங்கினீங்க” என்று ஒரு வரி வந்தது. அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

சூடு எப்படி இதை மறைக்கிறது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதைச் சொல்கிறேன். பிஸ்டன் அலுமினியம். அது ஓடும் சிலிண்டரின் சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். தேய்ந்த இன்ஜினில் இன்னும் அதிகம். அந்த இடத்தில் பிஸ்டன் ஆடி ஆடிச் சுவரில் மோதும். சூடேறி விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் நின்றுவிடும். அரை மணி நேரம் ஏசி போட்டு ஓட விட்டால் போதும், வாங்க வருகிறவனுக்கு எதுவும் கேட்காது.

தேய்மானம் வந்ததுகூட, குளிர்ந்த இன்ஜினை மிதித்ததால்தான். எடுத்த எடுப்பில் முழு மிதி கொடுத்தால் பிஸ்டன் சட்டென்று சூடாகி விரிந்துவிடும், அதைச் சுற்றியிருக்கும் பிளாக் மெதுவாகத்தான் சூடாகும். இடைவெளி இறுகி உரசும். காப்பாற்ற வேண்டிய ஆயிலும் அப்போது தயாராக இருக்காது. பல கார்களில் ஊற்றும் 5டபிள்யூ-30 வகை ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும். போதாததற்கு, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். எரியாத பெட்ரோல் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

ஆகவே கார் பார்க்கப் போகும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: ராத்திரி முழுக்க நின்ற வண்டி வேண்டும், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போங்கள். பேச்சு கொடுப்பதற்கு முன் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். வெயிலில் நின்றிருந்தால் அது ஏமாற்றும். பானெட்டைத் திறந்து ஆயில் மூடியின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம், சூடாக இருந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். வண்டியின் கணினியில் இருக்கும் அளவுகளைச் செல்போனில் காட்டும் ஓபிடி கருவி இருந்தால் இன்னும் நல்லது. சாவியை ஆன் மட்டும் செய்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். கூலன்ட் 70 டிகிரி காட்டினால் யாரோ ஓட விட்டிருக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். வெள்ளையாக ஆவி வந்து மறைந்தால் அது ஈரம்தான், பயம் வேண்டாம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. முதலில் ஐடில் (மிதிக்காமல் இருக்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1,200 சுற்று வரை ஏறி இறங்குவதும், ஓரிரு விநாடி சலசலப்பதும் பல வண்டிகளில் சாதாரணம். நிமிடக்கணக்கில் தட்டி, சூடேற ஏற அடங்கும் சத்தம்தான் ஆபத்து.

இப்போது சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு. காலையில் பத்து நிமிடம் நிற்க வைத்துச் சூடு செய்ய வேண்டாம். அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். ஐடிலில் இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும், அதுவரை அந்தப் பெட்ரோல் கழுவலும் தொடரும். அரை நிமிடம் போதும், கிளம்புங்கள். 2,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) தாண்டாமல், பாதி மிதிக்குமேல் போகாமல் ஓட்டுங்கள். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள்: வெப்ப முள் நடுவுக்கு வந்ததும் மிதிக்கிறார்கள். அந்த முள் காட்டுவது கூலன்ட்டை. ஆயில் அதற்குப் பின்தங்கித்தான் வரும், இன்னும் பத்து நிமிடமாவது கொடுங்கள். பிஎம்டபிள்யூவின் சில எம் கார்களில் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி விளக்குகள் இருக்கும். ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, எதுவரை ஏற்றலாம் என்று காட்டும். மற்ற வண்டிகளுக்கு நம் பொறுமைதான்.

என் இன்ஜினை இறக்கியாகிவிட்டது. பிளாக் லேத்தில் இருக்கிறது, ரீபோர் செய்து, அதாவது சிலிண்டர் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

போன வாரம் நண்பர் ஒருவருக்காக வேறொரு கார் பார்க்கப் போனோம். ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். போனதும் பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் நிக்கட்டும்” என்றார் நண்பர். “சாயங்காலம் இன்னொருத்தர் அட்வான்ஸோட வர்றார் சார், பரவாயில்லையா?” என்று கேட்டார் விற்பவர். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.