குதிரை மேல் தலைக்கவசம்: எப்போதுமா, தேவைப்படும்போதா?

என் மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு லாயத்தில் குதிரையேற்றம் கற்கிறாள். நானும் சித்தப்பாவும் கூடப் போவோம். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில் பந்தயத் திடல் இருந்த காலத்தில் குதிரை பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் சித்தப்பா. திடல் சுங்கை பீசிக்கு மாறிய பிறகும் பல வருடம் அதே வேலைதான். குதிரையின் காது திரும்புவதைப் பார்த்தே அது அடுத்து என்ன செய்யும் என்று சொல்லிவிடுவார். எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை.

ஏறும் ஒவ்வொரு முறையும் தலைக்கவசம் வேண்டும் என்கிறேன் நான். குதிரையைப் பார்த்து, அன்றைக்குச் செய்யப்போகும் வேலையைப் பார்த்து முடிவெடுத்தால் போதும் என்கிறார் அவர். கவசமே வேண்டாம் என்பவர் இல்லை. தடை தாண்டினால் போடு, நாலுகால் பாய்ச்சலில் விட்டால் போடு, புதுக் குதிரை என்றால் கட்டாயம் போடு என்பார். "வயசான குதிரைம்மா, சும்மா நடந்து போகுது. அதுக்கும் எதுக்குக் கவசம்?" என்பதுதான் அவர் கேள்வி.

அவர் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரையைப் பற்றிய அறிவுதான் முதல் பாதுகாப்பு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காதே, கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, அங்கவடியில் முன்பாதத்தை மட்டும் வை என்று அவர் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தக் கவசமும் சொல்லிக்கொடுக்காது. அப்புறம் வெயில். நம் ஊரில் காலை பத்து, பதினொன்றுக்கெல்லாம் உடம்பு தெப்பமாக நனைந்துவிடுகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பி கழுத்துக்கும் நிழல் தரும், கவசம் அவ்வளவு தராது. கடைசியாக அவர் எடுத்துக் காட்டுவது எலிசபெத் மகாராணியை. 2020-ல் தன் 94-ஆவது வயதில், விண்ட்சரில், தலையில் துணி கட்டிக்கொண்டு குதிரை மேல் அவர் போகும் படம் வெளிவந்ததே, அதைச் சித்தப்பா கைபேசியில் வைத்திருக்கிறார். "இந்த அம்மா காலம் முழுக்க ஏறினாங்க. என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது.

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு. பாடம் முடிந்து, லாயத்திலேயே வயதான, சாதுவான குதிரையின் மேல் என் மகள் மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கடிவாளம் தளர்ந்திருந்தது. ஒரு கால் அங்கவடியை விட்டு வெளியே. சித்தப்பாவோடு பேசிக்கொண்டே வந்தாள். மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றில், வைக்கோல் மேல் போர்த்தியிருந்த நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. குதிரை ஓடவில்லை, முன்னங்காலைத் தூக்கவுமில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு எட்டு துள்ளியது, அவ்வளவுதான். பிள்ளை மறுபக்கம் சரிந்து, வேலிக் கட்டையில் தலை இடித்துத் தரையில் விழுந்தாள். அழுதாள், உடனே எழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

அன்று இரவு அவள் கவசத்தை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல், அதுவும் துடைத்தால் போய்விடும் போல இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் வீசும் உள்துணியைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. இடது காதுக்கு மேலே வெள்ளை நுரை அமுங்கி, என் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம். அதிலிருந்து முடி மாதிரி ஒரு விரிசல் உச்சி வரை ஓடியிருந்தது. சித்தப்பாவிடம் நீட்டினேன். அவரும் விரலை வைத்துப் பார்த்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார். அதற்கு மேல் அன்று ஒன்றும் பேசவில்லை.

அதற்காக அவர் தன் கட்சியை விட்டுவிடவில்லை. நூற்றில் ஒன்று நடந்ததை வைத்து விதி எழுதலாமா என்று அடுத்த வாரமே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விழுந்த அந்த நாளையே எடுத்துக்கொள்வோம். அவர் முறைப்படி முடிவெடுத்திருந்தால் அன்று கவசம் இருந்திருக்காது. வயதான குதிரை, நடை, பாடமும் முடிந்துவிட்டது. கவசம் வேண்டாம் என்று நாம் நினைக்கும் நேரமும், குதிரையில் இருப்பவர் அசந்து போகும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. தடை தாண்டும்போது முழங்கால் இறுகியிருக்கும், கண் முன்னால் இருக்கும், கை தயாராக இருக்கும். நடையில் இது எதுவும் இல்லை.

உயரமோ மாறுவதில்லை. பெரிய குதிரையில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து சுமார் 2.5 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். குதிரை அசையாமல் நின்றாலும் இதே கணக்குதான்.

சிறந்த பயிற்சி இருந்தாலும் இது மாறாது என்பதற்கு கோர்ட்னி கிங்-டை ஓர் உதாரணம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் அமெரிக்காவுக்காகக் கலந்துகொண்டவர். 2010 மார்ச்சில் ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது அவருடைய குதிரை தன் கால்களே தடுக்கி விழுந்தது. அன்று அவர் கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டை ஓடு உடைந்து, வாரக்கணக்கில் கோமாவில் இருந்தார். நடக்கவும் பேசவும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டி வந்தது. குதிரை மிரளவில்லை, முரண்டும் பிடிக்கவில்லை. தடுக்கியது, அவ்வளவுதான். காதைப் பார்த்துக் கணிக்க அங்கே எதுவும் இருந்திருக்காது. சித்தப்பாவிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

டிரெஸ்ஸாஜில் உயரமான கறுப்புத் தொப்பிதான் கௌரவம் என்ற பழக்கம் நீண்ட காலம் இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு பலர் யோசிக்க ஆரம்பித்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் கவசம் அணிந்தே தங்கம் வென்றார். 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. பந்தயத் திடலுக்கு இந்தப் பாடம் இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. பிரிட்டனின் பெரிய தடை தாண்டும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனலை 1923-ல் வென்ற கேப்டன் பெனட் அதே வருடக் கடைசியில் வேறொரு பந்தயத்தில் விழுந்து, குளம்பு தலையில் பட்டு, சில வாரங்களில் இறந்தார். அதன் பிறகு பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் ஜாக்கிகளுக்குக் கவசம் கட்டாயமானது. சித்தப்பாவே ஒப்புக்கொள்கிறார்: விடியற்காலைப் பயிற்சிக்குப் போன எந்த ஜாக்கியையும் வெறும் தலையோடு அவர் பார்த்ததில்லை.

நம் ஊரில் இந்த வாதத்தைத் தினமும் கேட்கிறோம், குதிரை இல்லாமல். மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். நெடுஞ்சாலைக்குப் போனால் எல்லோரும் போடுவார்கள். தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், ரொட்டி வாங்கப் போகும்போது மட்டும் கவசம் கூடையில் கிடக்கும். "கடை வரைக்கும்தானே" என்பதும் "நடந்து போற குதிரைதானே" என்பதும் ஒரே பேச்சு. அப்படி ஒரு கடைக்குப் போய்த் திரும்பாத ஒருவரையாவது நம் தெருக்களில் பலருக்குத் தெரியும்.

சரி, கவசம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் வர்ஜீனியாவில் குதிரையிலிருந்து விழுந்தபோது கவசம் அணிந்துதான் இருந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உணர்விழந்தார். கவசம் காப்பது மண்டையைத்தான். கழுத்துக்கும் முதுகுக்கும் நெஞ்சுக்கும் அது பொறுப்பேற்காது. கவசம் இருக்கிறதே என்று பிள்ளைக்குத் துணிச்சல் கூடிவிடும் என்ற சித்தப்பாவின் கவலையையும் நான் தள்ளிவிடமாட்டேன். அதற்கு அவரே கூட இருந்து சொல்லிக்கொடுப்பதுதான் வழி. கவசத்தைக் கழற்றுவது வழியாகாது.

எந்தக் கவசம் என்பதில் பெற்றோர் அதிகமாக ஏமாறுகிறார்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் கவசம் இருக்கிறது, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையும் இருக்கிறது, அதையே போடலாமே என்று லாயத்தில் ஓர் அப்பா என்னிடம் கேட்டார். அது ஒன்றரைக் கிலோ வரை வரும். குதிரைக் கவசம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. பிள்ளையின் கழுத்தில் அந்தப் பாரத்தை வைத்துக் குதிரையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆட விடக்கூடாது. காதும் அடைத்துப்போகும், ஆசிரியர் கூப்பிட்டால் கேட்காது. சைக்கிள் கவசம் லேசுதான், காற்றும் வரும். ஆனால் அதன் வடிவம் சைக்கிள்காரர் விழும் விதத்துக்குச் செய்தது, பின்மண்டையைப் பெரும்பாலும் முழுதாக மூடாது. குதிரைக் கவசத்துக்கான அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்1163-இல், தட்டையான இரும்பில் போட்டுச் சோதிப்பதோடு, கூர்முனை விளிம்பு ஒன்றின் மேலும் கவசத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். குளம்பு பட்டால், கட்டை முனை பட்டால் என்ன ஆகும் என்பதற்கான சோதனை அது. கவசத்தின் உள்ளே அந்த எண்ணோ, பிரிட்டனின் பாஸ் 015 என்ற எண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெல்வெட் துணி போர்த்திய அழகான தொப்பிகளும் கடைகளில் உண்டு. உள்ளே எண் இல்லையென்றால் அது உடையோடு சேர்ந்த அலங்காரம்தான்.

உள்ளே இருக்கும் நுரை, முன்பெல்லாம் சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டித்தந்த வெள்ளைப் பெட்டியின் சாதிதான். தலைக்குப் போக வேண்டிய அடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. அதனால் ஒரு பலமான அடி பட்ட கவசத்தை, வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும். என் மகளுடையதை மறுநாளே இரண்டாகப் பிளந்து குப்பையில் போட்டேன், யாரும் எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடக்கூடாது என்று. விழாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டு வைக்காதீர்கள், சூடு அந்த நுரைக்கும் பசைக்கும் ஆகாது. சுழன்று விழும் அடியில் மூளை திருகுவதைக் குறைக்க, உள்ளே சற்று நழுவும் மெல்லிய அடுக்கு வைத்த மிப்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அமைப்போடும் சில கவசங்கள் வருகின்றன. கையில் பணம் இருந்தால் நல்லது. ஆனால் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்துகிற சாதாரணக் கவசமே மேல்.

பொருத்தம் என்பது நெற்றியில் தெரியும். வாரை மாட்டாமலே கவசத்தை மெல்ல அசைத்தால் புருவமும் கூடவே அசைய வேண்டும். நம் பெண் பிள்ளைகளுக்கு உச்சிக்கொண்டை போட்டு அனுப்பினால் கவசம் மேலே ஏறி நிற்கும். கழுத்தோரம் தாழ்வாகப் பின்னிவிடுங்கள், கொண்டை ஊசி வேண்டாம். துடோங் என்ற தலைத்துணி அணியும் முஸ்லிம் தோழிகள் அதை அணிந்தபடியே அளவெடுப்பது நல்லது. சீக்கியரின் தலைப்பாகை வேறு விஷயம். அது சமயம் சார்ந்தது, மோட்டார் சைக்கிள் விதியிலும் அவர்களுக்கு விலக்கு உண்டு. அதை மற்றவர்களின் சோம்பலோடு ஒன்றாக வைக்க நான் தயாராக இல்லை.

இரவல் கவசம் பற்றி ஒரு வார்த்தை. பினாங்கில் விடுமுறைக்குப் போனபோது கடற்கரைச் சவாரி ஒன்றில் என் அக்கா மகனுக்கு ஒரு கவசம் தந்தார்கள். கொக்கி உடைந்திருந்தது, வாரைக் கயிறால் முடிந்திருந்தார்கள். அந்த முடிச்சு என் கையில் இழுத்தவுடனே அவிழ்ந்துவிட்டது. அவனை ஏற விடவில்லை. அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை. பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில், மணல் மேல்தானே நடக்கிறது என்று பலர் வெறும் தலையோடு ஏறுவதைப் பார்க்கிறேன். அலை அடித்து இறுகிய ஈரமணல் மெத்தை இல்லை.

வெயிலைப் பற்றிச் சித்தப்பா சொன்னதற்கு எங்களுக்குக் கிடைத்த வழி, பாடத்தை ஏழு மணிக்கு மாற்றியது. வெளிர்நிறத்தில் காற்றுத்துளை வைத்த கவசம் வாங்கினோம். ஒன்பதுக்கெல்லாம் குதிரைக்கே குளிப்பாட்டும் நேரம் வந்துவிடுகிறது.

இப்போது என் மகளின் கவசம் குதிரை மேல் ஏறும்போது அல்ல, லாயத்தின் வாசலிலேயே தலைக்குப் போகிறது. சேணம் பூட்டும்போதும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போதும் அவள் தலை குதிரையின் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. சேணத்தை மாட்டி வைத்த பிறகே கழற்றுவாள். இன்றைக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை.

சித்தப்பா இன்னும் துணித் தொப்பிதான். மாதம் ஒருமுறை அந்த வயதான குதிரையில் ஏறி ஒரு சுற்று வருவார். போன ஞாயிறு தையல் டேப்பை எடுத்துப் போயிருந்தேன். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே சுற்றி அளந்தேன், தலையைக் குனிந்து காட்டினார். 57 சென்டிமீட்டர். வாங்கட்டுமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.