‘போஹீமியன் ராப்சடி’யும் ‘ராக்கெட்மேனும்’: நட்சத்திரத்தின் அந்தரங்கம் யார் கையில்?

பிரிட்டனின் குவீன் ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியைப் பற்றிய ‘போஹீமியன் ராப்சடி’ 2018 அக்டோபரிலும், பிரிட்டிஷ் பாடகரும் பியானோ கலைஞருமான எல்டன் ஜானைப் பற்றிய ‘ராக்கெட்மேன்’ 2019 மே மாதத்திலும் திரைக்கு வந்தன. முதல் படத்தின் இயக்குநர் பிரையன் சிங்கர் படப்பிடிப்பு முடிவதற்குள் நீக்கப்பட்டதால், மீதியை எடுத்து முடித்தவர் டெக்ஸ்டர் ஃப்ளெட்சர். இரண்டாவது படத்தைத் தொடக்கம் முதல் இயக்கியவரும் அவரே. இரு நாயகர்களும் 1940களின் பிற்பாதியில் பிறந்து, 1970களில் உலகப் புகழ் அடைந்து, ஆண்களை நேசிப்பதை வெளிப்படையாகச் சொல்ல இடம் தராத ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள். ஜான் ரீட் என்ற ஒரே மேலாளர்கூட இருவருக்கும் இருந்திருக்கிறார். இத்தனை பொதுவான அம்சங்கள் இருந்தும், நட்சத்திரத்தின் தனிவாழ்க்கைக்குள் நுழையும்போது இந்த இரு படங்களும் ஒன்றுக்கொன்று நேரெதிராக நடந்துகொள்கின்றன.

இந்த வேறுபாட்டை இயக்குநரின் திறமையையோ நடிகரின் ஆற்றலையோ கொண்டு விளக்க முடியாது. கதை யாருடைய கையில் இருந்தது என்பதைப் பார்த்தால்தான் அது விளங்கும். ‘போஹீமியன் ராப்சடி’ உருவானபோது மெர்க்குரி இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும் படத்தின் இசைக்குப் பொறுப்பேற்றிருந்தார்கள். குவீனின் நெடுங்கால மேலாளர் ஜிம் பீச் தயாரிப்பாளர்களில் ஒருவர். ‘ராக்கெட்மேனை’த் தயாரித்தவர்களுள் எல்டனின் கணவர் டேவிட் ஃபர்னிஷ் இருந்தார், எல்டனே நிர்வாகத் தயாரிப்பாளர். ஆக, ஒன்று நண்பர்கள் சொன்ன கதை, மற்றொன்று தானே சொன்ன கதை. ஒரு ராக் நட்சத்திரத்தைப் பற்றி அவருடைய பாடல்கள் இல்லாமல் படம் எடுப்பது கடினம் என்பதால், பாடல்களின் உரிமையை வைத்திருப்பவருக்கு நட்சத்திரத்தின் படுக்கையறைக் கதவைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் வந்துவிடுகிறது.

முதலில் ‘போஹீமியன் ராப்சடி’யை எடுத்துக்கொள்வோம். மெர்க்குரியாக வரும் ராமி மாலெக்கின் நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியைப் படம் மறுபடி நிகழ்த்திக் காட்டும் அந்த நீண்ட காட்சி மெய்சிலிர்க்க வைக்கிறது. ஆனால், அந்தக் காட்சியை உச்சமாக்குவதற்காக மெர்க்குரியின் தனிவாழ்க்கை எப்படி மாற்றி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தால் மனம் கசந்துபோகிறது. படத்தில் அவர் லைவ் எய்டுக்கு முன்பே தமக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை அறிகிறார். ஒத்திகையின்போது குழுவினரிடம் அதைச் சொல்கிறார். அவர்கள் கண்கலங்கி அணைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 1987இல்தான் நோய் உறுதியானது என்று அவருடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். வெம்ப்ளி மேடையில் நின்ற மெர்க்குரி சாவை எதிர்நோக்கிப் பாடவில்லை; தம் கலையின் முழு வலிமையில் இருந்த ஒருவர் மகிழ்ச்சியாகப் பாடினார். அந்த மகிழ்ச்சியே போதுமானது என்று படம் எடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

தேதியை மாற்றுவது திரைக்கதைக்காரரின் உரிமை, ஒரு வாழ்க்கையை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை நானும் ஏற்கிறேன். இங்கே சிக்கல், மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்வதுதான். படத்தில் மெர்க்குரி தனி ஆல்பத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு குழுவைக் கைவிடுகிறார், அதனால் குழு உடைகிறது. மற்றவர்கள் அதைத் துரோகமாகப் பார்க்கிறார்கள். நடந்தது வேறு. ரோஜர் டெய்லர் 1981இலேயே தனி ஆல்பம் வெளியிட்டிருந்தார். பிரையன் மே 1983இல் வெளியிட்டார். மெர்க்குரியின் முறை 1985இல்தான் வந்தது. குழு உடையவும் இல்லை. 1984இல் புதிய ஆல்பம், 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பெருங்கூட்டத்தின் முன் நிகழ்ச்சி, மே மாதம் வரை சுற்றுப்பயணம் என்று அவர்கள் ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மாற்றங்களும் மெர்க்குரியைத் தவறு செய்தவராகவும், குழுவினரைப் பொறுமையோடு மன்னித்தவர்களாகவும் ஆக்குகின்றன. இறந்தவர் வந்து மறுக்கப்போவதில்லை.

அவருடைய காதல் வாழ்க்கை சித்திரிக்கப்படும் விதத்தில் இந்தச் சாய்வு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இளமைக் காதலி மேரி ஆஸ்டினுடனான உறவுக்குப் படம் மிகுந்த கனிவோடு இடம் கொடுக்கிறது. பிரிந்த பிறகும் இரவில் அவளுக்குத் தொலைபேசியில் அழைத்து, எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கை ஏற்றி அணைக்கச் சொல்லும் காட்சியில் ஒரு தனிமனிதனின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. மேரி அவர் வாழ்வில் கடைசிவரை முக்கியமானவர் என்பதும், கென்சிங்டன் வீட்டை அவர் மேரிக்கே விட்டுச் சென்றார் என்பதும் உண்மை. ஆனால், ஆண்கள் வரும் இடங்களில் ஒளி மங்கிவிடுகிறது. சிவப்பு வெளிச்சம், தோலுடை, மியூனிக்கின் குடிவிருந்துகள், அவரைத் தனிமைப்படுத்தும் தனி மேலாளர் பால் பிரென்ட்டர் என்று அந்த உலகம் முழுவதும் ஒரு பொறியாகக் காட்டப்படுகிறது. பிரென்ட்டர் பின்னாளில் மெர்க்குரியின் அந்தரங்கங்களைப் பத்திரிகைக்கு விற்றவர் என்பது மறுக்க முடியாதது. அது நடந்தது 1987இல். படம் அதையும் லைவ் எய்டுக்கு முன்னால் நகர்த்தி, வீட்டுக்குத் திரும்பும் பைபிளின் ஊதாரி மகன் போன்ற கதைக்கு ஏற்ற வில்லனாக அவரை நிறுத்துகிறது.

ஜிம் ஹட்டனுக்கு நேர்ந்தது இதைவிட அநியாயம். சவாய் ஓட்டலில் முடிதிருத்துநராக வேலை பார்த்த அந்த அயர்லாந்துக்காரர், மெர்க்குரியின் கடைசி ஆண்டுகளில் அவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்து, 1991 நவம்பர் 24 அன்று அவர் இறக்கும்வரை பணிவிடை செய்தவர். படத்தில் அவர் ஒரு விருந்துக்குப் பின் பாத்திரம் எடுக்கும் பணியாளராக அறிமுகமாகி, மெர்க்குரிக்கு நல்ல புத்தி சொல்லிவிட்டு மறைகிறார். பிறகு லைவ் எய்ட் நாளன்றே மெர்க்குரி அவரைத் தேடிக் கண்டுபிடித்து, பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, தந்தையின் அணைப்பைப் பெற்று, அங்கிருந்து வெம்ப்ளிக்குப் போகிறார். ஆறாண்டுக் காலம் நீடித்த ஓர் அன்றாட இல்லற வாழ்க்கை, காலைத் தேநீரும் பூனைகளும் தோட்டமும் மருந்துகளும் நிறைந்த வாழ்க்கை, படத்தின் கடைசி எழுத்துகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. நட்சத்திரத்தின் தனிவாழ்க்கை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

‘ராக்கெட்மேன்’ தொடக்கத்திலேயே வேறு ஒப்பந்தத்தைப் பார்வையாளரோடு செய்துகொள்கிறது. கொம்பும் இறக்கையும் வைத்த ஆரஞ்சு நிற மேடை உடையோடு எல்டன் ஒரு மறுவாழ்வு மையத்துக்குள் நுழைந்து, வட்டமாக அமர்ந்திருப்பவர்களின் முன்னால் தம் அடிமைத்தனங்களை வரிசையாகச் சொல்கிறார்: மது, கொக்கேய்ன், காமம், உணவு, பொருள் வாங்கும் வெறி. கதை நகர நகர அந்த உடையின் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. இது நினைவிலிருந்து, குற்ற உணர்விலிருந்து சொல்லப்படும் கதை என்று முதல் நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுவதால், காலக்கணக்கு பிசகும்போது நாம் ஏமாறுவதில்லை. 1970இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ட்ரூபடோர் அரங்கில், இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவரவிருக்கும் பாடலை அவர் பாடுகிறார். பாடகரும் ரசிகர்களும் தரையிலிருந்து மேலே மிதக்கிறார்கள். மிதப்பதைக் காட்டும் படம் அதை வரலாறு என்று நம்மிடம் விற்கவில்லை.

இரு படங்களிலும் ஒரு தொலைபேசிக் காட்சி வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நான் சொல்லவருவது விளங்கும். ‘போஹீமியன் ராப்சடி’யில் அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் மெர்க்குரி மேரியிடம் தொலைபேசியில் அன்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார், அப்போது ஒரு லாரி ஓட்டுநர் அவரைப் பார்த்தபடியே கழிப்பறைக்குள் செல்கிறார், மெர்க்குரியின் கண் அந்தக் கதவில் நிலைக்கிறது. அதற்கு மேல் படம் எதுவும் சொல்வதில்லை. ஆசை என்பது அங்கே அச்சமூட்டும் ஒரு கதவாக மட்டுமே நிற்கிறது. ‘ராக்கெட்மேனில்’ எல்டன் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, தாம் ஆண்களை நேசிப்பதைத் தாயிடம் சொல்கிறார். தாய் அதிர்ச்சி அடையவில்லை. தனக்கு முன்பே தெரியும் என்கிறாள். பிறகு, வாழ்நாள் முழுவதும் தனிமையைத்தான் நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய், உன்னை யாரும் முறையாக நேசிக்கப்போவதில்லை என்ற பொருளில் அமைதியாகச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறாள். ஆசையைவிட, ஆசை கொண்டவனுக்குச் சொந்த வீட்டில் கிடைக்கும் பதில்தான் அவனை அழிக்கிறது என்று இந்தக் காட்சி காட்டுகிறது. எல்டனாக நடித்த டாரன் எகர்ட்டனின் முகத்தில் அந்தச் சொற்கள் படிவதை ஃப்ளெட்சர் அவசரப்படாமல் பார்க்கவிடுகிறார்.

1975இல் எல்டன் மாத்திரைகளை விழுங்கிவிட்டுத் தம் வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்ததும், சில நாட்களிலேயே லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்ததும் உண்மை. படம் அந்த இரண்டையும் ஒரே மூச்சில் இணைக்கிறது. குளத்தின் அடியில் சிறுவனான தம்மையே பியானோவோடு பார்க்கிறார், மேலே தூக்கப்படுகிறார், மருத்துவமனையில் வயிற்றைக் கழுவுகிறார்கள், யாரோ உடை மாட்டுகிறார்கள், அடுத்த கணம் மேடைக்குத் தள்ளப்படுகிறார். புகழ் என்னும் இயந்திரம் ஒரு மனிதனை நோயாளியாக இருப்பதற்குக்கூட அனுமதிப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இசைப்படத்தை நான் பார்த்ததில்லை.

ஜான் ரீட் இரு படங்களிலும் வருகிறார். குவீனின் படத்தில் ஏய்டன் கில்லன் நடித்த ரீட், கோட்டு சூட்டு அணிந்த நாகரிகமான மேலாளர். காருக்குள் நடக்கும் ஒரு வாக்குவாதத்தில் மெர்க்குரி அவரை வேலையை விட்டு நீக்குகிறார், அவ்வளவுதான். எல்டனின் படத்தில் ரிச்சர்ட் மேடன் நடித்த ரீட், முதலில் காதலன், பிறகு கணக்குப் பார்ப்பவன், அதன் பிறகு கைநீட்டுபவன். எல்டன் செத்த பிறகும் தன் 20 சதவீதம் வந்துகொண்டே இருக்கும் என்று அவன் சொல்லும் இடம் படத்தின் மிகக் கொடூரமான தருணம். 1998 வரை அதே ரீட் எல்டனின் மேலாளராகத் தொடர்ந்தார் என்பதை நினைக்கும்போது, இந்தச் சித்திரம் காயம்பட்டவரின் சித்திரம் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்படியிருந்தும், இருவரும் முதன்முதலாக நெருங்கும் இரவைப் படம் வெட்கப்படாமல், இருட்டில் ஒளிக்காமல், இரு இளைஞர்களின் காதலாகவே காட்டுகிறது.

இந்தத் துணிவுக்கு விலை இருந்தது. சில ஸ்டூடியோக்கள் பாலுறவையும் போதையையும் குறைத்து, 13 வயதினர் பார்க்கத்தக்க தரச்சான்று பெறும்படி கேட்டதாகவும், தாம் அப்படிப்பட்ட வாழ்க்கை வாழவில்லை என்பதால் மறுத்ததாகவும் எல்டன் எழுதியிருக்கிறார். ‘போஹீமியன் ராப்சடி’ அந்தச் சான்றோடு வந்து உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ‘ராக்கெட்மேன்’ 20 கோடி டாலரைத் தொடவில்லை. ரஷ்யாவில் விநியோகஸ்தர் ‘ராக்கெட்மேனின்’ சில நிமிடங்களை வெட்டினார். சமோவாவில் படம் தடை செய்யப்பட்டது. அத்தனை அடக்கத்தோடு எடுக்கப்பட்ட ‘போஹீமியன் ராப்சடி’யும் சீனாவில் வெட்டுக்குத் தப்பவில்லை.

தானே சொல்லும் கதைக்கும் ஒரு குறை உண்டு. மற்றவர்களின் தனிவாழ்க்கையும் அதில் சேர்ந்தே வெளியாகிறது. படத்தில் வரும் தந்தை ஒருமுறைகூட மகனை அணைக்காதவர். நட்சத்திரமாகித் திரும்பி வந்த மகனிடம் அலுவலக நண்பருக்காகக் கையெழுத்துக் கேட்பவர். தந்தையின் இரண்டாம் திருமணத்தில் பிறந்த மகன் ஒருவர், அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்று பத்திரிகையில் மறுத்தார். 1984இல் எல்டன் மணந்துகொண்ட ஜெர்மானியப் பெண் ஒலிப்பொறியாளர் படத்தில் வந்துபோவதே தெரியாத அளவுக்குக் குறைவாகவே வருகிறார். அந்தக் குறைவான இடமும் மணமுறிவு ஒப்பந்தத்தை மீறியதாக அவர் கருதினார். எல்டனின் தன்வரலாற்றையும் இந்தப் படத்தையும் சுட்டி 2020இல் லண்டனில் வழக்குத் தொடுத்தார். பின்னர் அது சமரசமாக முடிந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன். தம் அந்தரங்கத்தைத் திறந்துவைக்க எல்டனுக்கு இருந்த உரிமை, அமைதியாக வாழ விரும்பிய ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு நீளாது.

பாடல் உரிமை இல்லாமலே ஒரு படம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றிய பாஸ் லூர்மனின் ‘எல்விஸ்’ 2022இல் பாடல்கள் எல்லாவற்றோடும், மேலாளர் கர்னல் பார்க்கரின் குரல் வழியாக வந்தது. 1959இல் ஜெர்மனியில் 24 வயது எல்விஸ், பின்னாளில் தம் மனைவியான 14 வயது பிரிசில்லாவைச் சந்தித்ததை அது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அடுத்த ஆண்டே சோஃபியா கொப்போலா, பிரிசில்லாவின் நினைவுக்குறிப்பைக் கொண்டு ‘பிரிசில்லா’வை எடுத்தார். எல்விஸின் பாடல்களைப் பயன்படுத்த உரிமையாளர்கள் மறுத்துவிட்டனர். மேடையைக் காட்ட முடியாத அந்தப் படம் வீட்டுக்குள்ளேயே இருந்தது: அவள் என்ன உடுத்த வேண்டும், முடிக்கு எந்த நிறம் பூச வேண்டும், எப்போது விழித்திருக்க வேண்டும் என்று அவர் தீர்மானிப்பதை, காத்திருக்கும் சிறுமியின் கண்களால் பார்த்தது. எல்விஸின் மகள் லிசா மேரி இறப்பதற்கு முன் இந்தத் திரைக்கதையைக் கடுமையாக எதிர்த்து இயக்குநருக்கு எழுதியிருந்தார். ஒரு மகளின் வலியாக அதை மதிக்கிறேன். ஆனாலும் ராக் நட்சத்திரத்தின் தனிவாழ்க்கையை மட்டும் அறிய ஒருவர் என்னிடம் படம் கேட்டால், இந்த நான்கில் ‘பிரிசில்லா’வை முதலிலும் ‘ராக்கெட்மேனை’ அடுத்தும் சொல்வேன். ‘போஹீமியன் ராப்சடி’யை வெம்ப்ளி காட்சிக்காகப் பார்க்கச் சொல்வேன். மெர்க்குரியின் வீட்டைப் பற்றி அறிய விரும்புபவர் ஜிம் ஹட்டன் எழுதிய நினைவுக்குறிப்பைத் தேடிப் படிக்கட்டும்.