சிங்கப்பூர் பெர்மிட்டா, வளைகுடா விசாவா?

புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு வீட்டில் பேசப்படும் வழி பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று சிங்கப்பூர், இல்லாவிட்டால் துபாய். ஊர்ப் பேச்சில் துபாய் என்றால் சவுதி, கத்தார், குவைத் எல்லாம் அதற்குள் அடக்கம். எது மேல் என்று கேட்டால் ஏஜென்ட் சம்பளக் கணக்கை எடுத்துவிடுவார். அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை இரண்டு: உள்ளே போக எவ்வளவு கட்டுகிறோம்? வேலை சரியில்லை என்றால் முதலாளியை மாற்ற முடியுமா?

முதலில், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று பார்ப்போம். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இந்தியர்கள் போகக்கூடியது முக்கியமாகக் கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் மற்றும் ரசாயன ஆலைப் பணிகள். 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு வழி திறந்தது. 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர் உள்ளிட்ட இன்னும் சில வேலைகள் சேர்ந்தன. அவற்றுக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் தரவேண்டும். கடை விற்பனை, கார் ஓட்டுவது என்றால் அங்கே பெர்மிட் கிடையாது. வளைகுடாவில் இவ்வளவு தடை இல்லை. ஏசி மெக்கானிக், டிரைவர், சூப்பர் மார்க்கெட், ஓட்டல் என்று பல வேலைகளுக்கும் ஆள் எடுப்பார்கள்.

இனி நுழைவுச் செலவு. சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு இங்கேயே பயிற்சி மையத்தில் சேர்ந்து டெஸ்ட் அடிக்கவேண்டும், அதாவது திறன் தேர்வில் தேறவேண்டும். பயிற்சிக் கட்டணம், டெஸ்ட் கட்டணம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போய் நிற்கும். சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் தொழிலாளியிடம் வாங்கலாம். ஆனால் நம் ஊரில் உட்கார்ந்திருப்பவரை அந்தச் சட்டம் எட்டாது, பணம் போவதும் பெரும்பாலும் இவரிடம்தான்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்ப இந்திய அரசின் உரிமம் பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டம், ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்கிறது. காகிதத்தில் இப்படி, நடப்பில் கூடுதலாகக் கறக்கத்தான் செய்கிறார்கள். அப்படியும் அது சிங்கப்பூர்க் கட்டணத்துக்குப் பக்கத்தில் வருவது அரிது.

சரி, சம்பளம். சிங்கப்பூரில் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. புதிதாகப் போகும் கட்டுமானத் தொழிலாளிக்கு நாளுக்கு 20 வெள்ளி பேசிக் (அடிப்படைச் சம்பளம்) என்று வைத்துக்கொண்டால் 26 நாளுக்கு 520 வெள்ளி. மீதி எல்லாம் ஓ.டி.யில்தான் (கூடுதல் நேர வேலையில்தான்) வரவேண்டும். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு ஒன்றரை மடங்கு; மாதத்துக்கு 72 மணி நேரம் வரை. அந்தக் கணக்கில் ஓ.டி. முழுவதும் கிடைத்தால் இன்னொரு 295 வெள்ளி, ஆக 815 வெள்ளி. ரூபாயில் 50,000-க்கு மேல். சாப்பாட்டுக்கும் போனுக்கும் இதிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஓ.டி. இல்லாத மாதம் வந்தால் வட்டி கட்டுவதே பாடு.

கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சக் கூலி 1,000 ரியால். சாப்பாடு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 கூடுதலாகத் தரவேண்டும். தங்குமிடம் கம்பெனியுடையது என்றால் கையில் 1,300, அதாவது சுமார் 30,000 ரூபாய். சிங்கப்பூரைவிடக் குறைவுதான். ஆனால் லட்சக்கணக்கில் கடன் இல்லாமல் போனவருக்கு முதல் மாதச் சம்பளமே வீட்டுக்கு வரும். சிங்கப்பூர் போனவருக்கு முதல் ஆண்டில் பெரும்பகுதி கடனுக்கே போய்விடும்.

ஏஜென்ட்கள் வாய் திறக்காத ஒன்று பணிக்கொடை, அதாவது வேலையை முடித்துக் கிளம்பும்போது முதலாளி தரவேண்டிய தொகை. அமீரகத்தில் ஓராண்டு முடித்துவிட்டால், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. 1,000 திர்ஹம் பேசிக்கில் ஐந்து ஆண்டு இருந்தால் 3,500 திர்ஹம் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். சிங்கப்பூரில் பெர்மிட் தொழிலாளிக்குச் சேமநிதி கிடையாது, இப்படி ஒரு கட்டாயப் பணிக்கொடையும் கிடையாது. இரண்டு இடத்திலும் பேசிக்கைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டுவது பழைய தந்திரம். சிங்கப்பூரில் அது ஓ.டி.யை விழுங்கும், அமீரகத்தில் பணிக்கொடையை.

முதலாளியை மாற்றும் விஷயத்தில் சிங்கப்பூரை எல்லாரும் உயர்த்திப் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கட்டுமானத் தொழிலாளி பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாற, பெர்மிட் முடிவதற்கு முந்தைய 40-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரைதான் வாய்ப்பு. நடுவில் முதலாளி பெர்மிட்டை ரத்து செய்தால், கட்டிய லட்சங்களை விட்டுவிட்டு ஊர் திரும்பவேண்டியதுதான். கத்தார் 2020-இல் என்.ஓ.சி. முறையை, அதாவது மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்பதை, எடுத்துவிட்டது. சவுதி 2021-இல் கதவைக் கொஞ்சம் திறந்தது, ஆனால் ஹவுஸ் டிரைவர் (ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டுபவர்), வீட்டுவேலை, ஆடு மேய்ப்பு விசாக்காரர்கள் அதில் சேரவில்லை. சவுதி ஹவுஸ் டிரைவர் விசா என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

சிங்கப்பூரின் உண்மையான பலம் பின்னால்தான் தெரியும். திறன் குறைந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி. ஆர்1 என்ற உயர்திறன் நிலைக்கு ஏறியவருக்கு 500 வெள்ளிதான். ஆக, சில ஆண்டு அனுபவமும் சான்றிதழும் சேர்த்து ஆர்1 ஆனவரால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் கேட்க இதைவிட நல்ல பிடி கிடையாது. 2025 ஜூலையில் பெர்மிட்டுக்கான மொத்த ஆண்டு வரம்பையும் எடுத்துவிட்டார்கள், 63 வயது வரை இருக்கலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவுக்குப் போனால் பாதி ஊரையும் பார்த்துவிடலாம் என்பதெல்லாம் அப்புறம்.

வெல்டிங், பைப் ஃபிட்டிங் மாதிரி கைத்தொழில் சுத்தமாகத் தெரிந்து, கட்டவேண்டிய பணத்தில் பாதியாவது வட்டியில்லாமல் புரட்ட முடிந்து, எட்டுப் பத்து ஆண்டு இருக்கும் எண்ணமும் உள்ளவர் சிங்கப்பூர் போகலாம். நகையும் நிலமும் அடகு வைத்தால்தான் போகமுடியும் என்றால் அமீரகம் அல்லது கத்தார். மூன்று நான்கு ஆண்டில் திரும்பிவர நினைப்பவருக்கும் அதுவே என் பதில்.

பணம் கொடுக்குமுன் சிங்கப்பூர் என்றால் ஐ.பி.ஏ. என்ற பெர்மிட் முன் அனுமதிக் கடிதத்தைத் தமிழில் வாங்கிப் படியுங்கள். அதில் எழுதிய பேசிக்கை, உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பின்னால் குறைக்க முடியாது. வளைகுடா என்றால் ஏஜென்டின் உரிம எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. வேறு எங்கும் முன்பணம் கட்டுவதற்கு முன் அங்கே என்ன ஆளெடுப்பு நடக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.