‘ஓடாத பழைய ஸ்டாக்’ டயர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய காரை அதன் காலத்துத் தோற்றத்திலேயே வைத்துக்கொள்ள டயர் தேடி அலைபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். “ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது சார், குடோன்ல அப்படியே கிடந்தது” என்று சொல்லி ஒரு வியாபாரி என் தலையில் கட்டியது ரீட்ரேட் பண்ணின டயர், அதாவது தேய்ந்த பழைய டயர் மேல் புது ரப்பர் ஏற்றியது. நாலுக்கும் சேர்த்து 26,000 ரூபாய்.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு வண்டி. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஆலையில் பிறந்தது. அதற்கு உரிய அளவு 5.20-13, ட்யூப் போட்ட கிராஸ்பிளை, அதாவது உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை டயர். கடைக்காரர்கள் நைலான் டயர் என்பார்கள். இன்று இந்த அளவைக் கேட்டால் பாதிப் பேருக்குப் புரிவதே இல்லை. வெளிநாட்டில் பழைய பட்டன் (டயர் மேலுள்ள வெட்டு) அமைப்பிலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் 2020-ல் புதிய கார் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, தனி ஆள் வரவழைப்பது பெரும்பாடு. இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பிழைப்பு ஓடுவது இதனால்தான்.

படத்தில் டயர் பளபளவென்று இருந்தது. மேலே சின்னச் சின்ன ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டித்தான் புதுசு என்று சாதித்தார். அச்சில் வைத்துச் சூடேற்றி ரீட்ரேட் செய்தாலும் அந்த மயிர் வரும்.

மாட்டக் கொடுத்த டயர் கடைப் பெரியவர் ரிம்மைத் தொடக்கூட இல்லை. ரிம்மில் உட்காரும் பீட் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, “ஏற்கெனவே ரிம்ல ஏறி எறங்குன டயரு தம்பி இது” என்றார். ரிம் அழுத்திய தடம் சுற்றிலும் பதிந்திருந்தது. பாலிஷைத் துடைத்ததும் சைடுவாலில் (டயரின் பக்கச்சுவர்) மெல்லிய வெடிப்புகள். தோள் பகுதியில் பழைய ரப்பரும் புது ரப்பரும் சேர்ந்த கோடு. ஒரு டயரின் உள்ளே பழைய பேட்ச் வேறு. தயாரிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தை வழவழவென்று தேய்த்திருந்தார்கள். பலே வேலைக்காரர்கள்!

ஹெரால்டில் இது விளையாட்டுக் காரியமில்லை. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது சக்கரமும் கூடவே சாயும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், பாரமெல்லாம் சைடுவாலில் இறங்கும். வெடித்த சைடுவால் அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நிஜமாகவே ஓடாத டயர் என்றால்? அதையும் ரோட்டில் ஓட்ட வாங்காதீர்கள் என்பேன். சும்மா கிடந்தாலும் காற்றும் வெக்கையும் ரப்பரை இறுக்கிவிடும். கண்காட்சியில் நிறுத்த மட்டும் ஆகும். ஓட்டுவதற்குப் பொருத்தமான அளவில் இன்றைய கார்களில் வரும் ரேடியல் டயர் போடலாம், ஆனால் நாலிலும் போட வேண்டும். இரண்டு இது, இரண்டு அது என்று கலக்கக் கூடாது.

எப்படியும் வாங்குவதென்றால் பீட் ஓரம், உள்பக்கம், தயாரிப்பு எண் மூன்றையும் கிட்டத்தில் படம் கேளுங்கள். 3119 என்று இருந்தால் 2019-ன் 31-வது வாரம். கடைசியில் மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது. எண்ணே இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கேட்டதற்கு, “விண்டேஜ் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று பதில். அப்புறம் போனே எடுக்கவில்லை. பில்லில் வெறும் ‘டயர் 4’ என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் ‘ஓடாதது’ என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

போன வாரம் அதே ஆள், அதே சிவப்புத் தரையில் அடுக்கிவைத்து, ஃபியட்டுக்கு 5.20-14 என்று நாலு டயர் போட்டிருக்கிறார். ‘ஓடாதது’ என்றுதான் அதிலும் எழுதியிருக்கிறது.