டிசம்பரில் தாமான் நெகாரா காட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றால் காசு கட்டாதீர்கள்

வெள்ளவத்தையில் ஒரு பயண முகவரிடம் காசைக் கட்டி, மலேசியா போய் ஏமாந்து வந்திருக்கிறோம். வரும் டிசம்பருக்கும் அதே பக்கேஜை இப்போதே விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

நானும் மனைவியும், தம்பி குடும்பமுமாக ஐந்து பேர். ஆளுக்கு 295,000 ரூபாய். தாமான் நெகாரா மழைக்காட்டில் மூன்று நாள், வழிகாட்டியுடன் நடை, மர உச்சிகளுக்கிடையே தொங்குபாலம், பிறகு 11 கிலோமீற்றர் நடந்துபோய் கும்பாங் மறைவுக் குடிலில் ஓர் இரவு. அதன் எதிரே உப்பு மண்ணை நக்க மிருகங்கள் வரும். அந்த ஓர் இரவுக்காகத்தான் தம்பியின் மகன் மாதக்கணக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"தம்பி, டிசம்பரில் அங்கே மழை இல்லையா?" என்று முகவரிடம் நான் கேட்டேன். "அண்ணா, வெளியில பாருங்க, என்ன வெயில்! அங்கயும் இப்பிடித்தான். பின்னேரத்தில கொஞ்சம் தூறும்" என்றார். நம்பினேன். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மழை தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குப் பக்கத்தையும் நனைக்கிறது. காடு இருக்கும் பகாங் மாநிலத்தில் ஆறுகள் பெருகுவது அந்த மாதங்களில்தான். இதையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

கோலா தாஹான் கிராமம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், காடு இருக்கும் தேசியப் பூங்கா அந்தப் பக்கம். நாங்கள் போனபோது தெம்பெலிங் ஆறு சேற்று நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. முதல் நாள் படகே விடவில்லை. மறுநாள் கடந்து போனால் தொங்குபாலம் மூடியிருந்தது, கும்பாங் பாதை தண்ணீருக்குள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். குடிலுக்கு எங்கள் பெயரில் பதிவே இல்லை என்று பூங்கா அலுவலகத்தில் சொன்னார்கள். வழிகாட்டியும் இல்லை. வெயில் அடித்திருந்தாலும் அந்த இரவு எங்களுக்குக் கிடைத்திராது! அனுமதிக்கென்று ஆளுக்கு 9,000 ரூபாய் வாங்கியிருந்தார், அங்கே சீட்டுக்குச் சில ரிங்கிட்தான். அட்டை கடிக்காமல் இருக்கப் போடும் காலுறை தருவதாகச் சொன்னார், அதையும் தரவில்லை. பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பாதையில் ஒரு மணித்தியாலம் நடந்து திரும்பியபோது தம்பி மகனின் இரண்டு கால்களிலும் இரத்தம்.

திரும்பி வந்து கேட்டால், "இயற்கை அனர்த்தம் அண்ணா, காசு திருப்பித் தர ஏலாது" என்கிறார். மழைக்கு நான் காசு கேட்கவில்லை. பதிவே செய்யாத குடிலுக்கும் வழிகாட்டிக்கும் கொடுத்ததைத்தான் கேட்கிறேன்.

காட்டுக்குப் போக ஆசையென்றால் மார்ச்சுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போங்கள். குடில் பதிவுச் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு மிச்சக் காசைக் கட்டுங்கள். ஏமாந்திருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். நானும் வட்ஸ்அப் செய்திகளோடு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்டது, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று. என் பில்லில் இருப்பது "மலேசியா டூர், 5 பேர்". அவ்வளவுதான்.