பட்டறை கீழேயா, பக்கத்திலா, தனியாகவா?

சின்ன வீட்டுக்குள் பட்டறையும் வேண்டும் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சதுர அடி தேவைப்படும்?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். மரத்தூளோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்திய பிறகுதான் உறைத்தது: பட்டறைக்கும் படுக்கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? என்னுடையது தச்சு வேலை, அதை வைத்தே பேசுகிறேன்.

கீழே பட்டறை, மேலே வீடு. மனை சிறிதாக இருந்தால் இதுதான் முதலில் தோன்றும். ஒரே அஸ்திவாரம், ஒரே கூரை, இரண்டு மடங்கு இடம். கனமான மெஷின்கள் தரையில் உட்கார்ந்துகொள்ளும். (தலைகீழாக, பட்டறையை மாடிக்கு ஏற்றுகிற யோசனை வேண்டவே வேண்டாம். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் போடுகிறார்கள். 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுப் பலகையே 30 கிலோவுக்குக் குறையாது. பத்துப் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதில் வில்லன் மாடிப்படி. சூடான காற்று மேலே ஏறும், உள்படி அதற்குப் புகைபோக்கி. அப்படி ஒரு வீட்டில்தான் அந்த மூன்று வருடமும் இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு உப்புத்தாள் தேய்ப்பை முடித்து, பெருக்கி, கதவைச் சாத்திவிட்டுத்தான் மேலே போவேன். காலையில் டிவி மேல் விரலை வைத்து இழுத்தால் கோடு விழும். கண்ணுக்குத் தெரிகிற தூள் உடனே தரைக்கு வந்துவிடுகிறது. சில மைக்ரான் அளவுள்ள நுண்தூள்தான் மணிக்கணக்கில் மிதந்து நுரையீரல்வரை போகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது என்று படித்த அன்றுதான் வீடு மாற்றும் பேச்சை எடுத்தேன்.

சத்தமும் அப்படித்தான். ரம்பத்தின் இரைச்சல் பெரும்பாலும் காற்று வழியே வருகிறது, இடுக்குகளை அடைத்தால் கொஞ்சம் அடங்கும். சுத்தியல் அடி சுவர், தளம் வழியே ஏறுகிறது. கூரைக்கடியில் பஞ்சு ஒட்டிப் பார்த்தேன், தண்டச்செலவு. வேலை மேசையின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தது எவ்வளவோ பரவாயில்லை.

அடுத்தடுத்து, ஒரே தளத்தில். இப்போது நான் இருப்பது இதில், என் ஓட்டும் இதற்கே. ஆனால் வெறும் சுவரை நடுவில் எழுப்பி விட்டால் போதாது. குளியலறை, சாமான் அறை, நான்கடி நடை என்று யாரும் தூங்காத இடங்களை நடுவில் கொண்டுவர வேண்டும். நடையின் இரு முனையிலும் கதவு. ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. செருப்பையும் சட்டையையும் அங்கேயே கழற்றிவிடலாம். பட்டறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தால், கதவைத் திறக்கும்போது வீட்டுக் காற்றுதான் பட்டறைக்குள் போகும், தூள் இந்தப் பக்கம் வராது.

நீளக் கணக்கு ஒன்று. எட்டடிப் பலகையை ரம்பத்தில் தள்ள முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நடுவில் மெஷின்: கிட்டத்தட்ட 20 அடி. அவ்வளவு இல்லையென்றால் ரம்பத்தை வெளிக்கதவுக்கு நேராக வையுங்கள். பலகையின் வால் வாசலுக்கு வெளியே போய்விடும். உயரத்தையும் கவனியுங்கள். எட்டுக்கு நான்கு பலகையை நிமிர்த்தும்போது அதன் மூலை கிட்டத்தட்ட 9 அடிக்கு ஏறும். நான் ஒரு டியூப் லைட்டை உடைத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

பின்பக்கம் தனிக் கொட்டகை. எல்லோருடைய கனவும் இதுதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது உண்மை. ஆனால் சின்ன மனையில் எத்தனை முறை இரட்டிப்பாக்க முடியும்? நான்கு சுவர், கூரை, தனி வயரிங் என்று செலவு வேறு. தீ விஷயத்தில் மட்டும் இதை எதுவும் அடிக்க முடியாது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெல்டிங், ஸ்பிரே பெயின்ட் செய்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், தனிக் கொட்டகைதான்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பத்து நிமிட வேலைகள் செத்துவிடும். பசை போட்டு இறுக்கி வைத்ததை அரை மணியில் போய்ப் பார்க்க, நடையைத் தாண்டினால் போதும் என்றால் போவேன். மழையில் குடை பிடித்துப் போக மாட்டேன். எனக்குத் தெரிந்த இரண்டு கொட்டகைகள் இன்று பழைய சைக்கிள்களின் கிடங்கு. அதனால் வார்னிஷ் டப்பாக்களுக்கும் எண்ணெய்த் துணிகளுக்கும் மட்டும் வெளியே ஓர் இரும்பு அலமாரி வைத்துக்கொண்டு, மீதியை உள்ளே வைத்திருக்கிறேன்.

மனை அகலமே இல்லை, கீழே-மேலேதான் வழி என்றால், படியை வீட்டுக்கு வெளியே கட்டுங்கள். மழைநாளில் நனைந்துகொண்டு ஏறுவது எரிச்சல்தான். ஆனால் டிவி மேல் கோடு விழாது.